யாருடைய காடு, யார் தந்த அனுமதி? கிழக்கின் ஒரு வேடர் கிராமம்: நிகழ்வு ஆய்வு

ஒரு வேடர் கிராமத்தவர்கள் பயன்படுத்தும் காட்டைச் சோளத்துக்காக வெட்டத் தொடங்கியதும், அதை நிறுத்த நாங்கள் முயன்றதும்தான் இந்தக் கதை; 2022 மார்ச்சில் தொடங்கி 2023 முடியும்வரை நடந்தது. இலங்கையின் கிழக்கு மாகாணத்தில் உள்ள அந்தக் கிராமத்துக்குக் கொழும்பில் இருந்தபடி ஆவண உதவி செய்த ஐந்து பேரில் நானும் ஒருத்தி. என் வேலை மொழிபெயர்ப்பு. மற்றவர்கள் ஒரு இளம் சட்டத்தரணி, ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர், பல்கலைக்கழக மாணவர் இருவர். கிராமத்தின் பெயர், ஆட்களின் பெயர், சம்பந்தப்பட்ட அலுவலகங்களின் பெயர் எதுவும் இதில் இல்லை. கிராமத்தவர்கள் கேட்டுக்கொண்டது அது. இதே போன்ற ஒரு தொலைபேசி அழைப்பு நாளைக்கு வேறு யாருக்கும் வரலாம். அதனால் எங்கள் பிழைகளையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பின்னணி

இலங்கையின் பூர்வகுடிகளான வேடர் என்று சொன்னால் கொழும்பில் பலருக்கும் நினைவுக்கு வருவது உள்நாட்டில் இருக்கும் தம்பானைக் கிராமம் மட்டும்தான். வாகரை, வெருகல், மூதூர் பக்கங்களில் தமிழ் பேசும் கரையோர வேடர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். 1911இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் ஆய்விலேயே அவர்களைப் பற்றிய குறிப்பு உண்டு. களப்பில் மீன்பிடி, கொஞ்சம் சேனைப் பயிர்ச்செய்கை, காட்டில் தேன், விறகு, கிழங்கு. குமார தெய்வத்துக்குச் சடங்கு. பேச்சு தமிழ், பெயரும் பக்கத்து ஊர்க்காரரின் பெயர் போலத்தான். அதனால் அரச பதிவுகளில் அவர்கள் தனியாகத் தெரிவதில்லை.

சட்டத்திலும் அப்படியே. பூர்வகுடிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனத்துக்கு 2007இல் இலங்கை ஆதரவாக வாக்களித்தது. ஆனால் சர்வதேச தொழில் அமைப்பின் 169ஆம் இலக்கச் சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தவில்லை. பூர்வகுடிகளின் காணி உரிமையை அங்கீகரிக்கும் தனிச் சட்டமும் நாட்டில் இல்லை. எங்கள் கிராமத்தவர்கள் பயன்படுத்தும் காட்டுக்குக் காணி உறுதியும் இல்லை, அனுமதிப்பத்திரமும் இல்லை. கடதாசியில் அது ‘ஏனைய அரச காடு’.

இந்த வகைக் காடுகளை 2001இல் வந்த 5/2001 சுற்றறிக்கை வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில் வைத்திருந்தது. 2020 நவம்பரில் அதை நீக்கி, எஞ்சிய காடுகளின் நிர்வாகத்தை மாவட்ட, பிரதேச செயலகங்களின் பக்கம் கொண்டுபோனார்கள். சேனைக்கும் அபிவிருத்திக்கும் காணி விடுவிப்பது சுலபமாக வேண்டும் என்பதுதான் நோக்கம். கூடவே அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்தது. கோழித்தீனிக்கான சோளத்தை இறக்குமதி செய்யாமல் உள்நாட்டிலேயே விளைவிக்க வேண்டும் என்ற அழுத்தம் கூடியது. கொழும்பில் நாங்கள் இரவில் வாங்கிச் சாப்பிடும் கோழிக் கொத்துக்கும் அந்தக் காட்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்பதை நான் அதற்கு முன் யோசித்ததே இல்லை.

முதல் அழைப்பு, 2022 மார்ச்

மாணவர்களில் ஒருவரின் உறவினர் அந்த ஊரில் ஆசிரியை. அவர்தான் அழைத்தார். காட்டுக்குள் ஒரு பெக்கோ இயந்திரம் புதிதாகப் பாதை வெட்டுகிறது, மரங்களில் சிவப்புப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள், யாரைக் கேட்டாலும் ‘சோளன் போடப் போறாங்க’ என்கிறார்கள் என்றார்.

இரண்டு நாளில் மாணவர்கள் இருவரும் போய்ப் பார்த்தார்கள். பாதை ஒரு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. அதன் இரு பக்கமும் சில ஏக்கர் ஏற்கெனவே வெளியாகியிருந்தது. வெட்டுப்பட்டதில் பாலையும் வீரையும் இருந்தன. இரண்டுக்கும் ஊரில் தனி மதிப்பு. பூக்கும் காலத்தில் தேனீக்கு அதுதான் சாப்பாடு, பொந்து விழுந்த பழைய மரங்களில்தான் கூடு. ஊர்த் தோட்டங்களுக்குள் யானை வரத் தொடங்கியிருந்தது. வேலியோரத் தென்னங்கன்றுகள் பிடுங்கிக் கிடந்த படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பினார்கள்.

தவறான கேள்வியில் போன ஏழு வாரம்

இந்த ஆய்வில் நான் அதிகம் சொல்ல வேண்டியது இந்தப் பகுதியைத்தான்.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் கூடிப் பேசினோம். ‘இது பூர்வகுடிகளின் காடு என்று முதலில் நிறுவ வேண்டும்’ என்று முடிவெடுத்தோம். அன்றைக்கு அது சரியாகவே பட்டது. முதியவர்களின் வாக்குமூலம் பதிந்தோம், பழைய நூல்களில் இருந்து பக்கங்கள் பிரதி எடுத்தோம், சடங்கு நடக்கும் இடங்களைப் படம் பிடித்தோம். நான் இரவிரவாக வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்து ஆங்கிலத்தில் பெயர்த்தேன். சத்தியக்கடதாசிகளில் சமாதான நீதவானின் கையொப்பம் வாங்கவே இரண்டு வாரம் போனது.

கோப்பு தடித்துக்கொண்டே போனது. காடு மெலிந்துகொண்டே போனது. மே நடுப்பகுதியில் ஏறத்தாழ 45 ஏக்கர் வெளியாகியிருந்தது. நாங்கள் தொடங்கும்போது பத்து ஏக்கர்கூட இல்லை.

வேலை நல்ல வேலைதான். வாக்குமூலங்கள் பிறகு பயன்பட்டன. ஆனால் ஒழுங்கு பிழை. இந்த நாட்டுச் சட்டத்தில் நிறுவுவதற்கு மிகக் கடினமான ஒன்றை முதல் படியாக வைத்தோம். உரிமையை நிறுவும் சுமையை அந்த மக்களின் தலையில் நாங்களே தூக்கி வைத்தோம். வெட்டுகிறவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கேள்வி மாறிய நாள்

மாற்றியவர் அந்த நில அளவையாளர். யாழ்ப்பாணத்தவர், எழுபது தாண்டியவர், முப்பது வருடத்துக்கு மேல் காணி அளந்தவர். மே கடைசியில் என் கோப்பைப் புரட்டிவிட்டு மூடி வைத்தார். ‘பிள்ளை, அவையின்ரை காடெண்டு காட்ட இவ்வளவு பாடுபடுறியள். பெக்கோவோடை நிக்கிறவனிட்டை ஆர் அனுமதி குடுத்தது எண்டு கேட்டனீங்களோ?’

கேட்கவில்லை.

தேசிய சுற்றாடல் சட்டம் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டம். அதன் கீழ் 1993 ஜூன் 24 அன்று வெளியான 772/22 இலக்க அதிவிசேட வர்த்தமானியில், எந்தெந்தத் திட்டங்களுக்கு முன்கூட்டியே சுற்றாடல் அனுமதி வேண்டும் என்ற பட்டியல் இருக்கிறது. ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காட்டைக் காடு அல்லாத பயன்பாட்டுக்கு மாற்றுவது அதில் வருகிறது. ஒரு ஹெக்டேயர் என்றால் இரண்டரை ஏக்கர். காடு என்று சொல்ல முடியாத நிலமாக இருந்தாலும் 50 ஹெக்டேயருக்கு மேல் துப்புரவு செய்வதானால் அதற்கும் அனுமதி வேண்டும். சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்யப்பட்டால் அறிக்கையைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல 30 நாள் கொடுக்க வேண்டும். அந்தக் கிராமத்தில் யாரும் எந்த அறிக்கையையும் பார்த்திருக்கவில்லை.

சட்டத்தரணி எப்பாவல வழக்கை நினைவுபடுத்தினார். அனுராதபுர மாவட்டத்தில் பொஸ்பேற் சுரங்கத்துக்கு வெளிநாட்டுக் கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்யப் போனபோது, அந்தப் பகுதியில் வாழ்ந்த மக்கள் அடிப்படை உரிமை மனுவோடு உயர் நீதிமன்றம் போனார்கள். 2000இல் தீர்ப்பு வந்தது. முழுமையான ஆய்வு நடந்து, சுற்றாடல் சட்டத்தின்படி அனுமதி பெறும்வரை ஒப்பந்தம் செய்யக் கூடாது என்றது நீதிமன்றம். சுரங்கமோ சோளமோ, பிடி ஒன்றுதான்: சட்டம் சொன்ன படியைத் தாண்டிப் போயிருக்கிறார்களா?

தகவல் கோரிக்கைகள்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மூன்று அலுவலகங்களுக்குத் தமிழில் கடிதம் எழுதினோம். கிராமத்தவர் ஒருவரின் பெயரில், பதிவுத் தபாலில். கேட்டது நான்கே விடயம்: காணி யாருக்கு, எவ்வளவு, எந்தத் தீர்மானத்தின்படி விடுவிக்கப்பட்டது, சுற்றாடல் அனுமதி இருந்தால் பிரதி. கோரிக்கை கிடைத்து 14 வேலை நாளுக்குள் தகவல் அலுவலர் தீர்மானம் சொல்ல வேண்டும்.

2022இன் பொருளாதார நெருக்கடியில் நாடு இருந்த நிலை எல்லோருக்கும் நினைவிருக்கும். ஜூனில் எரிபொருள் இல்லாமல் அரச அலுவலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை விட்டார்கள். மாதக் கடைசியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவித்தார்கள். 14 வேலை நாள் இரண்டு மாதமாக நீண்டது. அதே தட்டுப்பாட்டில் பெக்கோவும் நின்றது. இதைத் தெளிவாகப் பதிய விரும்புகிறேன்: ஜூன், ஜூலையில் காட்டைக் காப்பாற்றியது டீசல் இல்லாமை. எங்கள் கடிதங்கள் அல்ல.

ஒரு அலுவலகம் பதிலே தரவில்லை, மேன்முறையீடு செய்தோம். இன்னொன்று தமிழில் சுருக்கமாக, சுற்றாடல் தாக்க மதிப்பீடு எதுவும் தங்களிடம் இல்லை என்றது. மூன்றாவது, கொழும்பில் உள்ள அலுவலகம், ஜூலை கடைசியில் ஆறு பக்கம் அனுப்பியது, சிங்களத்தில் மட்டும். தமிழில் எழுதியவருக்குத் தமிழில் பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. எழுதிக் கேட்டு இன்னும் ஒரு மாதம் காத்திருக்க நேரம் இல்லாததால் நானே பெயர்த்தேன்.

பெயர்க்கும்போது இரண்டு விடயம் கண்ணில் பட்டது. ஒன்று, 150 ஏக்கருக்கு மேற்பட்ட காணி மூன்று துண்டாக, மூன்று பெயரில் போடப்பட்டிருந்தது. 150 ஏக்கர் என்றால் 60 ஹெக்டேயர். தனித்தனியாகப் பார்த்தால் எந்தத் துண்டும் 50 ஹெக்டேயரை எட்டாது. ஆனால் மூன்றுக்கும் ஒரே பாதை, வேலை செய்ததும் ஒரே பெக்கோ. இரண்டாவது, ஒரு சொல்: ‘லந்து கெலே’. பற்றைக்காடு. மூன்று துண்டுகளையும் அந்த ஆவணம் அப்படித்தான் வர்ணித்தது. பற்றை என்று எழுதிவிட்டால் காடு என்ற பேச்சே எழாது.

நில அளவையாளர் தொலைபேசியில் ஊர் இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். தையல்காரரின் அளவு நாடா ஒன்று போதும். நெஞ்சுயரத்தில் சுற்றளவு எடுக்க வேண்டும், மரத்தில் நாடா இருக்கும்போதே படம் பிடிக்க வேண்டும், எண் தெரிய வேண்டும். நிற்கிற மரம், வெட்டிய அடிக்கட்டை இரண்டையும். ஒரு சனிக்கிழமையில் நூற்றுக்கு மேற்பட்ட மரங்களை அளந்தார்கள். ஒரு பாலையைச் சுற்ற நாடா போதாமல் இரண்டு நாடாவை முடிந்து சுற்றிய படம் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு யாரும் பற்றை என்று சொல்ல மாட்டார்கள்.

பிரிஸ்டல் போட்டில் ஒரு காடு

ஓகஸ்ட் தொடக்கத்தில் கிராமத்தில் இருந்து மூன்று பேர் மட்டக்களப்பு ரயிலில் கொழும்பு வந்தார்கள். தேன் எடுக்கிற ஐயா ஒருவர், அவருடைய மகன், சடங்குகளைத் தெரிந்த ஆச்சி. நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் சட்டத்தரணியைப் பார்ப்பதற்கு முதல் நாள் எங்கள் வீட்டில் தங்கினார்கள். சாப்பாட்டு மேசையில் பிரிஸ்டல் போட் என்ற தடித்த தாள் ஒன்றை விரித்து, காட்டை வரையச் சொன்னோம்.

ஐயா முதலில் தண்ணீரை வரைந்தார். வில்லு என்கிற சதுப்புக் குளம், ஓடை, கோடையில் வற்றாத ஒரு மடு. அதற்குப் பிறகுதான் பாதை. மகன் தேன் மரங்களுக்குச் சிவப்புப் புள்ளி வைத்தார், ஒவ்வொன்றும் எந்தக் குடும்பம் பார்க்கிற மரம் என்று சொல்லிக்கொண்டே. ஆச்சி மூன்று இடங்களைக் காட்டினார். இரண்டு இடத்தில் சடங்கு, ஒன்றில் முன்னோரைப் புதைத்தது. நான் பேனையால் வட்டம் போட்டேன். மாணவர் ஒருவர் படம் பிடிக்கக் கைப்பேசியை எடுத்ததும் ஆச்சி தன் உள்ளங்கையை அந்த வட்டங்களின் மேல் வைத்து மூடினார்.

‘இது உங்களுக்குக் காட்டத்தான் புள்ள. கோட்டுக்கும் கந்தோருக்கும் போனா நாளைக்கு ஆரெண்டாலும் வந்து தோண்டுவான்.’

நான் அதை யோசித்திருக்கவில்லை. மனுவோடு இணைக்கும் எதையும் வேறு பலர் பார்ப்பார்கள். தேன் மரத்தின் இடம் தெரிந்தால் தேன் போகும். புதைத்த இடம் தெரிந்தால் புதையல் தேடுகிறவர்கள் வருவார்கள். சட்டத்தரணிக்கோ விபரம் கூடக் கூட நல்லது. அன்றிரவு வெகுநேரம் பேசினோம். கடைசியில் ஆச்சி சொன்னதுதான் தீர்மானமானது: வெளிக்கோடும் தண்ணீரும் மட்டும் வெளியே போகும், உள்ளே இருப்பது போகாது. நான் வெளிக்கோட்டை வேறு தாளில் பிரதி எடுத்தேன். மூலத்தை ஆச்சி சுருட்டி, சேலைப் பையில் வைத்து ஊருக்கே கொண்டுபோனார்.

கோரிக்கைக் கடிதம்

அடுத்த நாள் தெரிவு இரண்டு இருந்தது. அதிகாரிகளின் முடிவைத் தடுக்கக் கேட்டு நேரே மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை மனு போடுவது, அல்லது மனுவைத் தயாராக வைத்துக்கொண்டு முதலில் சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்புவது. மனு போட்டால் ஒவ்வொரு தவணைக்கும் ஊரவர்கள் கொழும்பு வர வேண்டி வரலாம். ஒரு நாள் போனால் ஒரு நாள் உழைப்புப் போகும். மறுபக்கம், சோளம் பெரும்போக மழையோடு விதைப்பது. ஒக்டோபருக்குள் வெட்டி எரித்து முடிக்கத்தான் பார்ப்பார்கள். நாள் குறித்துக் கடிதம் அனுப்புவது, பதில் இல்லாவிட்டால் மறுநாளே மனு என்று முடிவானது.

கடிதத்தில் பூர்வகுடி என்ற சொல் ஒரே இடத்தில்தான் வந்தது, மனுதாரரை அறிமுகப்படுத்தும் வரியில். மீதி முழுக்க அனுமதி பற்றியது. ஒரே பாதை, மூன்று துண்டு, சுற்றளவுப் படங்கள், இல்லாத மதிப்பீடு, எப்பாவல தீர்ப்பு. மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் பிரதி போனது.

குறித்த நாளுக்கு இரண்டு நாள் முன்பு பதில் வந்தது: சுற்றாடல் அனுமதி பற்றிய நிலை தெளிவாகும்வரை மூன்று துண்டுகளிலும் வேலை இடைநிறுத்தம். செப்டெம்பரில் பெக்கோவை லொறியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். மனுவைப் பதிவு செய்யத் தேவை வரவில்லை. அந்தப் பருவம் சோளம் விதைக்கப்படவில்லை.

2023 ஜனவரி: காட்டுக்குப் பூட்டு

நான்கு மாதம் சந்தோஷமாக இருந்தோம். ஜனவரியில் ஐயாவின் மகன் அழைத்தார். காட்டோரம் எல்லைத் தூண்கள் நட்டிருக்கிறார்கள். விறகு எடுத்துக்கொண்டு வந்த மூன்று பேரை உத்தியோகத்தர்கள் மறித்து, கத்தியையும் கயிற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, இனி உள்ளே வந்தால் வழக்கு என்று எச்சரித்து அனுப்பியிருக்கிறார்கள். இது அரச காடு என்று நாங்களே எழுதிக் கொடுத்தோம் அல்லவா, அதை இப்போது காக்கிறார்களாம்.

‘அக்கா, காட்டைக் காப்பாத்தித் தந்தீங்க. இப்ப எங்களுக்கே அது பூட்டு.’

1983இல் மாதுரு ஓயா தேசியப் பூங்காவாகப் பிரகடனமானபோது தம்பானைப் பக்க வேடர்கள் பலர் ஹேனானிகலவுக்கு மாற்றப்பட்டதும், அவர்களின் தலைவர் ஊருவரிகே திசாஹாமி போக மாட்டேன் என்று நின்றதும் எங்கள் ஐவருக்கும் தெரிந்த கதை. காட்டைக் காப்பது என்றால் காட்டு மனிதரை வெளியே வைப்பது என்ற பழக்கம் இந்த நாட்டில் புதிதல்ல. தெரிந்திருந்தும் எங்கள் கடிதத்தில் அதற்கு எதிராக ஒரு வரி இல்லை. அனுமதி என்ற கேள்வியில் இறங்கிய வேகத்தில், அந்த மக்களின் பயன்பாட்டை முழுவதுமாக விட்டுவிட்டோம். ஏழு வாரமாகச் சேர்த்த வாக்குமூலங்கள் என் அலுமாரியில்தான் கிடந்தன. அவை தேவைப்பட்ட இடம் இதுதான்.

பெப்ரவரியில் அவற்றை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனோம். ஊர்ப் பொதுக்கூட்டம் வைத்து, என்ன எடுக்கிறார்கள், எந்த மாதம், எவ்வளவு என்று அவர்களே பட்டியல் போட்டார்கள். தேன், விறகு, கிழங்கு, சடங்குக்குப் போய் வருவது. நிற்கிற மரத்தை வெட்டுவதில்லை என்பதையும் அவர்களே சேர்த்தார்கள். அலுவலகத்தில் பேசியவர் பொறுமையாகக் கேட்டார். தேனுக்கும் விழுந்த விறகுக்கும் தடை இல்லை என்று வாயால் சொன்னார், கத்தியும் கயிறும் திரும்பி வந்தன. எழுத்தில் கேட்டபோது மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார்.

இனி மாற்றிச் செய்வது

முதல் நாளே தகவல் கோரிக்கை போக வேண்டும். வாக்குமூலம் அதே வாரம் இன்னொருவர் கையில் தொடங்கலாம். ஒன்று முடிந்த பிறகுதான் மற்றது என்று இருந்ததால்தான் முப்பத்தைந்து ஏக்கர் போனது.

வெட்டு நடக்கும்போதே கிராம உத்தியோகத்தரிடமும் பொலிஸிலும் முறைப்பாடு பதிந்து இலக்கம் வாங்கியிருக்க வேண்டும். அது பெக்கோவை நிறுத்தாமல் விட்டிருக்கலாம். ஆனால் எந்தத் திகதியில் எவ்வளவு நின்றது, எவ்வளவு போயிருந்தது என்பதற்கு எங்களிடம் வட்ஸ்அப் படங்களைத் தவிர வேறு சான்று இருக்கவில்லை.

காடு வெட்டுவதை நிறுத்து என்று கேட்கும் அதே கடிதத்தில், அதே பந்தியில், அங்கே யார் என்ன எடுக்கிறார்கள் என்பதையும் அது தொடர வேண்டும் என்பதையும் எழுத வேண்டும். இரண்டையும் பிரித்தது எங்கள் மிகப் பெரிய பிழை. சட்டத்தரணிக்கு இதில் இன்னும் சந்தேகம் உண்டு. கோரிக்கை கூடினால் பதில் தள்ளிப்போகும் என்பது அவருடைய வாதம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கலாம். என்றாலும் மூன்று பேர் வெறுங்கையோடு திரும்பி வந்த நாளை நினைத்தால், ஒரு வாரம் பிந்தினாலும் சேர்த்தே கேட்டிருப்பேன்.

வரைபடம் பற்றிய தீர்மானத்தை மட்டும் மாற்ற மாட்டேன். அடுத்த முறை கைப்பேசியை மேசைக்கு வர விடாமலே தொடங்குவேன்.

2023 டிசம்பர் நிலை

வெட்டிய 45 ஏக்கரில் நாயுண்ணிப் பற்றை இடுப்பளவுக்கு வந்துவிட்டது. யானை இன்னும் அந்தப் பாதையால்தான் வருகிறது. இடைநிறுத்தம் நீக்கப்படவில்லை, காணி விடுவிப்பு இரத்தாகவும் இல்லை. வாயால் அனுமதி தந்தவர் ஒக்டோபரில் இடமாற்றமாகிப் போனார். புதிதாக வந்தவருக்கு அந்தப் பேச்சு தெரியாது, தெரிந்துகொள்ள அவரிடம் எந்தக் கடதாசியும் இல்லை.

டிசம்பரில் ஆச்சி என்னிடம் கேட்டது ஒன்றுதான்: ‘தமிழில ஒரு துண்டு எழுதி வாங்கித் தா புள்ள, பேரப்புள்ளையள் காட்டிப்போட்டுப் போகட்டும்.’ எழுத்து மூல அனுமதிக்கான விண்ணப்பத்தை அந்த வாரமே பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஊரவர்களின் பட்டியலும் வாக்குமூலங்களும் இணைத்து, வெளிக்கோடும் தண்ணீரும் மட்டும் இருக்கும் வரைபடத்தோடு.